மூன்றெழுத்து ‘பல்’: தேனும் நடனமும் மதிப்பெண்ணும் ஒரே எழுத்துக்கோவையில் – ஒரு நிகழ்வு ஆய்வு

ரஷ்யன் முதலான மொழிகளை எழுதும் சிரில்லிக் எழுத்துமுறையில் பே, ஆ, எல் என்ற மூன்று எழுத்துகளை அடுத்தடுத்து எழுதினால் ‘பல்’ என்று வரும். கசான் நகரத்துத் தாத்தார் மொழியில் அது தேன். மாஸ்கோவின் ரஷ்யனில் மாளிகையில் நடக்கும் நடன விருந்து. மின்ஸ்க் பள்ளிக்கூடத்தின் பெலாரஷ்யனில் மதிப்பெண். விளாதிகவ்காஸில் ஒசேத்தியம் பேசுபவருக்குச் செர்ரிப் பழம்; இன்னொரு இடத்தில் அவருக்கே அது ஓநாய்க் கூட்டம். அல்மாத்தியின் கசாக்கில் தேனும் அதுதான், குறிபார்ப்பதும் அதுதான். உலான்பாத்தரில் தேன் என்றும் பொருள், பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி என்றும் பொருள். சோவியத் ஆர்மீனியாவில் சிரில்லிக்கில் அச்சான குர்மாஞ்சிக் குர்திஷ் நூல்களில் ‘அருகில்’, ‘இடத்தில்’ என்று பொருள்படும்.

ஆக எட்டுப் பொருள்கள். இவற்றை ஒரே பக்கத்தில் அடுக்கிவைத்தால், எல்லாம் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை என்ற மயக்கம் வருவது இயல்பு. தேன் இனிப்பு, செர்ரியும் இனிப்பு, விருந்திலும் இனிப்பு உண்டு என்று கற்பனையில் முடிச்சுப் போட்டுவிடலாம். அந்த முடிச்சு ஒன்றுகூட நிற்காது. ஒவ்வொரு பொருளும் தனித்தனி வழியாக வந்து இந்த மூன்றெழுத்தில் மோதியிருக்கிறது. எது எந்த வழியாக வந்தது, அதை எப்படிப் பிரித்தறிவது என்பதே இந்த ஆய்வு. பன்மொழி அகராதி தொகுப்பவர்களுக்கும், கசாக், கிர்கிஸ், உக்ரேனியப் பனுவல்களை நேரடியாகத் தமிழாக்குபவர்களுக்கும், மொழிக் கணிமையில் வேலை செய்பவர்களுக்கும் இது நேரே உதவும்.

ஒலிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே ‘பல்’ என்று எழுதும் இடமெல்லாம் முதல் பகரத்தை ‘பலூன்’ என்பதன் பகரம்போல அதிர்வோடு ஒலிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அதிர்வுள்ள பகரத்துக்கும் அதிர்வில்லாத பகரத்துக்கும் வேறுபாடு இல்லை. சிரில்லிக்கில் அவை இரண்டு வேறு எழுத்துகள். அந்த வேறுபாடு முக்கியமாகும் இடத்தில் தனியாகச் சொல்கிறோம். இன்னொன்று, ரஷ்யனிலும் துருக்கிய மொழிகளிலும் வரும் ஓர் உயிரொலி. நாம் ‘அது’ என்பதன் கடைசிக் குற்றியலுகரத்தை இதழ் குவியாமல் சொல்வோமே, அதற்கு நெருக்கமான ஒலி. வழக்கத்தையொட்டி அதை இங்கே இகரமாக எழுதுகிறோம்.

எழுத்தே ஒரு காரணம்

இந்த மூன்றெழுத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பொருள்? சிரில்லிக்கில் எழுதும் ஒவ்வொரு மொழியும் தன் ஒலிகளுக்கென்று சில தனி எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கசாக்கில் அப்படிச் சேர்ந்தவை 9; ஒசேத்தியத்தில் ஒன்று; உக்ரேனியத்தில் ரஷ்யனில் இல்லாதவை 4. ஆனால் பே, ஆ, எல் மூன்றும் எல்லா சிரில்லிக் நெடுங்கணக்கிலும் உண்டு. மெய், உயிர், மெய் என்று அமைந்த ஓரசைச் சொல்லை எல்லா மொழியும் எளிதாக ஏற்கும். எனவே மோதல் நிகழ வாய்ப்பு மிக அதிகம். இதே காரணத்தால், இந்தச் சொல்லைத் தனியாக ஒரு கணினிக்குக் கொடுத்து ‘இது எந்த மொழி’ என்று கேட்பதில் பயனில்லை. சொல்லுக்குள் அடையாளமே கிடையாது. பக்கத்துச் சொற்களைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் எழுத்துகளையே சோதித்துவிடுவது நல்லது. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் சிரில்லிக் பே 1073, ஆ 1072, எல் 1083. நடு எழுத்து லத்தீன் ‘ஏ’ போலவே அச்சில் தெரியும். லத்தீன் எழுத்தின் எண்ணோ 97. பழைய கோப்புகளிலும் படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய நூல்களிலும் நடுவில் 97 புகுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் போட்டால் வேறு இடத்தில் போய் நிற்கும். அகராதிக்கான பட்டியல் தயாரிக்கும்போது முதல் வேலையாக ஒவ்வொரு தலைச்சொல்லின் எழுத்தெண்களும் 1024 முதல் 1279 வரையிலான சிரில்லிக் பகுதிக்குள் விழுகின்றனவா என்று ஓட்டிப் பார்த்துவிட்டால் இந்தத் தலைவலி பாதி தீரும். கடைசி எழுத்தைப் பற்றி ஒரு சொல்: பல்கேரிய அச்சில் ‘எல்’ கூடாரம்போல மேலே கூராக இருக்கும், ரஷ்ய அச்சில் மேலே தட்டையாக இருக்கும். எண் இரண்டுக்கும் 1083 தான். வடிவத்தைப் பார்த்து வேறு எழுத்து என்று பிரித்துவிடக் கூடாது.

தேன்: பழைய சொல், பெரிய குடும்பம்

எட்டில் மிகப் பழையதும் மிகப் பரந்ததும் தேன்தான். தாத்தார், பாஷ்கிர், கசாக், கிர்கிஸ், நோகாய், கும்பிக், கராச்சாய்-பல்கார் என்று சிரில்லிக்கில் எழுதும் துருக்கிய மொழிகள் பலவற்றில் ‘பல்’ என்றால் தேன். சிரில்லிக்கிலிருந்து லத்தீனுக்கு மாறிவிட்ட அசர்பைஜானியிலும் துருக்மெனிலும் அதே சொல். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய மொழி அகராதியிலேயே இச்சொல் இருக்கிறது. ஒகுஸ், கிப்சாக், சுவார் மக்கள் தேனைப் ‘பல்’ என்றும், வேறு துருக்கியர் ‘தேனீயின் நெய்’ என்று பொருள்படும் தொடராலும் சொன்னதாக அவர் பிரித்துக் காட்டுகிறார். உஸ்பெக்கும் தாஜிக்கும் இன்று அரபு வழி வந்த ‘அசல்’ என்பதையே வழங்குகின்றன. எனவே மத்திய ஆசியா முழுவதும் தேன் என்றால் ‘பல்’ என்று பொதுவாக எழுதிவிடுவது தவறு.

ஒரு சொல் உண்மையிலேயே அந்த மொழிக்கு உரியதா என்று பார்க்க, அது எத்தனை கூட்டுச்சொற்களில் புதைந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். இந்தத் தேன் எங்கும் ஊறிக் கிடக்கிறது. தாத்தாரில் தேனீ ‘பல் கொர்த்தி’, அதாவது தேன்புழு. கராச்சாய்-பல்காரில் ‘பல் சிபின்’, தேன் ஈ. கசாக்கில் ‘பல் அராசி’, தேன் குளவி. தேன்மெழுகுக்குத் தாத்தாரில் ‘பலாவிஸ்’. கசாக்கில் ஐஸ்கிரீமுக்குப் பெயர் ‘பல்முஸ்தக்’. தேனும் பனிக்கட்டியும் சேர்ந்த சொல். பாஷ்கிரில் தேக்கரண்டிக்கே ‘பல்கலக்’, தேன்கரண்டி, என்றுதான் பெயர். சமையற்குறிப்பில் இது வந்தால் ‘ஒரு தேக்கரண்டி உப்பு’ என்று எழுத வேண்டும். தேனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் குறிப்பே கெட்டுவிடும்.

பாஷ்கிர்களிடம் இந்தச் சொல் உயிரோடு இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. தெற்கு ஊரல் மலையின் புர்ஸ்யான் பகுதியில், நிற்கும் பைன் மரத்தின் தண்டிலேயே உயரத்தில் பொந்து குடைந்து காட்டுத் தேனீ வளர்க்கும் முறை இன்றும் நடக்கிறது. குடும்பத்தின் அடையாளக் குறியை மரத்தில் செதுக்கிவைப்பார்கள். ஷுல்கான்-தாஷ் காப்பகம் இந்தத் தேனீ இனத்தைக் காக்கிறது. அங்கே லிண்டன் மரப்பூவின் தேன் ‘யுகே பலி’. ‘யுகே’ லிண்டன், ‘பலி’ அதன் தேன். கிர்கிஸ்தானின் நாரின் பக்கத்தில் இறுகி வெண்ணெய்போல் இருக்கும் வெள்ளைத் தேனுக்கு ‘அக் பல்’ என்று பெயர். புட்டியின் சீட்டில் கிர்கிஸில் ‘பல்’ என்றும் ரஷ்யனில் ‘ம்யோத்’ என்றும் இரண்டு சொற்கள் நிற்பதைப் பார்க்கலாம். அந்த ‘ம்யோத்’ வேறு வேர்; சமஸ்கிருத ‘மது’வின் உறவு. தமிழ் அந்த ‘மது’வைக் கடன் வாங்கி வைத்திருப்பதால், கிர்கிஸ்தான் தேன்சீட்டில் தமிழர் காதுக்கு ஓரளவு உறவாக ஒலிக்கும் சொல் ரஷ்யனில்தான் இருக்கிறது.

துருக்கிய ‘பல்’ எங்கிருந்து வந்தது? பழந்துருக்கிய மொழியில் சொல்முதலில் மகரம் அரிது. வெளியிலிருந்து வந்த மகரம் பகரமாகத் திரிவது உண்டு. இதை வைத்து, தேனைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பியச் சொல் ஒன்றின் பழங்கடன் இது என்று ஒரு கருத்து உண்டு. அகராதியில் இதைக் கருத்து என்று குறித்தே போட வேண்டும். உறுதியான பகுதி, துருக்கியக் கிளைகளுக்கு இடையே உள்ள உறவு. அதற்கு நல்ல சாட்சி சுவாஷ் மொழி. அங்கே தேன் ‘பில்’. முதல் பகரம் அதிர்வில்லாதது. மற்றத் துருக்கிய மொழிகளில் ‘உண்டு’ என்பது ‘பர்’, சுவாஷில் ‘புர்’. தலை ‘பஷ்’, சுவாஷில் ‘புஷ்’. அதிர்வுள்ள பகரத்தோடு தொடங்கும் துருக்கியச் சொல் சுவாஷில் அதிர்விழந்து நிற்பது ஒழுங்கான மாற்றம். தேனீயையும் தாத்தாரைப் போலவே சுவாஷும் தேன்புழு என்றே சொல்கிறது. ஆகவே எழுத்து வேறாக இருந்தும் சுவாஷ் ‘பில்’ இந்தக் குடும்பத்து உறுப்பினர். ரஷ்யனிலும் இதே எழுத்துக்கோவையில் ‘பில்’ உண்டு. பொருள் வேகம், உள்ளக்கொதிப்பு. ‘கொழுந்துவிட்டு எரிதல்’ என்ற ரஷ்ய வினையோடு உறவுள்ளது. சுவாஷ் தேனோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. எழுத்து ஒத்திருந்தும் உறவில்லை, எழுத்து மாறியிருந்தும் உறவு உண்டு: இரண்டையும் ஒரே இடத்தில் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

மங்கோலியத் தேன் துருக்கியரிடமிருந்து வாங்கியது. ‘ஸோகீன் பல்’, தேனீயின் தேன், என்று முழுத்தொடராகவே அதிகம் வரும். ஏன் அப்படி என்பதைக் கரிக்குச்சிப் பகுதியில் பார்க்கலாம்.

நடனமும் மதிப்பெண்ணும்: ஒரு எழுத்து உதிர்ந்ததால் வந்த மோதல்

ஸ்லாவிய மொழிகளின் ‘பல்’ முழுக்க முழுக்க மேற்கிலிருந்து வந்த சரக்கு. பிற்கால லத்தீனில் ‘ஆடு’ என்ற பொருளில் ஒரு வினை இருந்தது. அதற்கு மூலம் கிரேக்கம். அதிலிருந்து பிரெஞ்சில் நடன விருந்துக்கு ‘பல்’. ரஷ்யாவில் 1718இல் முதலாம் பீட்டர் ஆணையிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து கலந்துகொள்ளும் கூடுகைகளை நடத்தச் சொன்னார். அந்த வழக்கம் வளர்ந்து, பிரெஞ்சுப் பெயரையும் பெற்றது. தமிழில் நாம் ‘பாலே’ என்று சொல்லும் நடனத்தின் பெயரும் இதே லத்தீன் வினையின் வழித்தோன்றல்.

மதிப்பெண் வேறு வேர். பிரெஞ்சில் பந்துக்கும் உருண்டைக்கும் உள்ள பெயர் ஜெர்மானிய வழிச் சொல். உருண்டைகளைப் போட்டு வாக்களிக்கும் வழக்கத்தின் வழியாக அது கணக்கிடும் அலகு என்ற பொருளைப் பெற்றது. தமிழ் ‘பலூன்’ இந்த உருண்டைக் குடும்பம். எனவே நடனத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ரஷ்யனில் உள்ள தூரம், தமிழில் பாலேவுக்கும் பலூனுக்கும் உள்ள தூரமே.

ரஷ்யன் இரண்டையும் எழுத்தில் தெளிவாகப் பிரிக்கிறது. நடனத்துக்கு ஒரு ‘எல்’, மதிப்பெண்ணுக்கு இரண்டு. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் இரண்டின் இறுதியிலும் ஒலியற்ற வன்குறி ஒன்று சேர்ந்திருக்கும். அதை நீக்கிப் பார்த்தால் இதே நிலை. பேச்சில் இரட்டை ‘எல்’ அழுத்திக் கேட்காது. அங்கே வேறுபாட்டைக் காட்டுவது அசையழுத்தம். நடனம் பன்மையில் கடைசி அசையில் அழுத்தம் பெறும், ‘பலீ’ என்பதுபோல. மதிப்பெண் பன்மையில் முதல் அசையில், ‘பால்லி’ என்பதுபோல. ‘நடன விருந்தில்’ என்று சொல்ல ‘நா பலூ’ என்ற சிறப்பு வேற்றுமை வடிவம் வரும். மதிப்பெண்ணுக்கு அந்த வடிவமே கிடையாது. இந்த மதிப்பெண் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. புயலின் வேகம், நிலநடுக்கத்தின் தீவிரம் எல்லாம் இதே சொல்லால்தான் எண்ணப்படும். ‘ஏழு பல்’ நிலநடுக்கம் என்றால் தீவிர அளவில் ஏழு. ரிக்டர் ஏழு என்று மாற்றி எழுதினால் செய்தி பெரிய பொய்யாகிவிடும், ஏனென்றால் முன்னது ஓரிடத்தில் உணரப்பட்ட அதிர்வின் அளவு, பின்னது வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. செய்தி மொழிபெயர்ப்பில் இந்தத் தவறு உண்மையான தீங்கு செய்யக்கூடியது.

ரஷ்யர்களே அவசரத்தில் இரண்டாவது ‘எல்’லை விட்டுவிடுவார்கள். எனவே ரஷ்யப் பனுவலில் எண்ணுக்குப் பின்னால் ஒற்றை ‘எல்’லோடு ‘பல்’ வந்தால், பெரும்பாலும் எழுத்துப்பிழையான மதிப்பெண்.

எல்லை தாண்டியதும் நிலைமை மாறுகிறது. உக்ரேனியம், பல்கேரியம், பெலாரஷ்யம் மூன்றும் இதுபோன்ற கடன்சொற்களில் மெய்யை இரட்டிப்பதில்லை. வகுப்பையும் உலோகத்தையும் குறிக்கும் கடன்சொற்களிலும் ரஷ்யனின் இரட்டை மெய் அங்கே ஒற்றையாகிவிடும். அப்படி மதிப்பெண்ணின் ஒரு ‘எல்’ உதிர்ந்து, அது நேரே நடனத்தின்மேல் போய் விழுகிறது. ஒவ்வொரு மொழியும் இதைச் சமாளிக்கும் விதம் வேறு.

உக்ரேனியம் வேற்றுமை உருபால் பிரிக்கிறது. ஆறாம் வேற்றுமையில் நடனம் ‘பலு’ ஆகும், மதிப்பெண் ‘பலா’ ஆகும். ஒரே ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் அது போதும். பெலாரஷ்யம் எழுத்திலேயே தப்பித்துக்கொள்கிறது. போலிஷ் வழியில் நடனத்துக்கு இறுதியில் மென்குறி (முன்னுள்ள மெய்யை மென்மையாக்கும் எழுத்து) சேர்த்து ‘பல்ய்’ என்பதுபோல எழுதும். குறியில்லாத ‘பல்’ மதிப்பெண். அங்குள்ள பள்ளிகளில் மதிப்பெண் 10க்குப் போடுவதால், ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் பக்கத்தில் நிற்கும்.

பல்கேரியத்தில்தான் இரண்டும் முழுமையாக ஒன்றாகிவிட்டன. வேற்றுமை உருபுகள் போய்விட்ட மொழி அது. பன்மையும் இரண்டுக்கும் ‘பலோவே’. பள்ளி முடிப்பவர்களுக்கு மே மாதக் கடைசியில் நடன விருந்து. அடுத்து அவர்கள் எல்லோரும் எண்ணிக் கவலைப்படுவது பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மொத்த மதிப்பெண். இரண்டுமே ‘பல்’. மே 24 சிரில், மெத்தோதியுஸ் இருவரையும் எழுத்தையும் கொண்டாடும் நாள் என்பதால், எழுத்தின் திருநாளை ஒட்டியே இந்த எழுத்துக் குழப்பம் உச்சத்துக்கு வருகிறது. பிரித்தறிய ஒரே வழி அடைமொழி. ‘அபிதூரியென்ட்ஸ்கி’, பள்ளி முடிப்பவருக்குரிய, என்று வந்தால் நடனம். ‘குறைந்தபட்ச’, ‘உயர்ந்த’, ‘சேர்க்கைக்கான’ என்று வந்தால் மதிப்பெண். செர்பியனில் இந்தச் சிக்கலே எழவில்லை. மதிப்பெண்ணுக்கு அவர்கள் ‘போத்’ என்று சொந்தச் சொல் வைத்திருக்கிறார்கள். ‘பல்’ அங்கே நடனம் மட்டும்.

குறி: ஃ இல்லாத மொழியில் நடந்தது

கசாக்கில் ‘பல் அஷு’ என்று ஒரு தொடர். ‘அஷு’ என்றால் திறத்தல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தேன் திறத்தல்’ என்று வரும். யாரோ தேன்புட்டியைத் திறந்ததுபோல் தோன்றும். பொருள் குறிபார்த்தல். குறிசொல்பவர் ‘பல்கெர்’. கிர்கிஸிலும் இதே திறக்கும் வினைதான். கசாக் முறையில் 41 கொட்டைகளையோ கற்களையோ எடுத்து மூன்று குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு நான்காகக் கழித்து மிச்சத்தை வரிசையில் வைப்பார்கள். மூன்று முறை செய்தால் ஒன்பது கட்டம் நிறையும். அதைப் படிப்பதே குறி.

இந்த ‘பல்’லுக்கும் தேனுக்கும் தொடர்பில்லை. சகுனம் என்ற பொருளுள்ள அரபுச் சொல், பாரசீகம் வழியாக ‘ஃபால்’ என்று வந்தது. தாஜிக்கிலும் உஸ்பெக்கிலும் அது இன்றும் ‘ஃபோல்’ என்று முதல் ஒலி கெடாமல் இருக்கிறது. கசாக்கின் சொந்த ஒலிகளில் ‘ஃப’ கிடையாது. பழைய கடன்சொற்களில் அது உதடு மூடும் ஒலியாகிவிடும். கருத்து என்ற பொருளுள்ள ‘ஃபிக்ர்’ கசாக்கில் ‘பிகிர்’. அப்படி ‘ஃபால்’ உதட்டொலியாகி, ஏற்கெனவே அங்கிருந்த தேனோடு ஒன்றாகிவிட்டது. இந்த மோதலுக்கு சிரில்லிக் காரணமன்று. கசாக்கிற்கு சிரில்லிக் வந்ததே 1940இல். இது அதற்கு மிக முந்திய ஒலிமாற்றம்.

தமிழர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். தமிழிலும் ‘ஃப’ சொந்த ஒலியன்று. அதே அரபுச் சொல் தமிழ் முஸ்லிம்களிடம் ‘பால் கிதாபு’ என்று வழங்குகிறது, குறிபார்க்கும் நூல். கறக்கும் பாலோடும் ஆண்பால் பெண்பாலோடும் அது எழுத்தில் ஒன்றாகிவிட்டது. கசாக்கில் ஃபால் தேனில் விழுந்தது, தமிழில் பாலில் விழுந்தது. ஒரே சொல், ஒரே வகை ஒலித்தடை, இரண்டு வேறு மோதல்கள்.

செர்ரி, கூட்டம், கரி, அருகு

ஒசேத்தியம் ஈரானியக் கிளை மொழி. அதன் ‘பல்’ செர்ரி. சுற்றிலும் பார்த்தால் ஜார்ஜியனில் செர்ரி ‘பலி’, ஆர்மீனியனில் புளிப்புச் செர்ரி ‘பல்’. மூன்று மொழிகள், இரண்டு மொழிக்குடும்பங்கள், மூன்று வேறு எழுத்துகள், ஒரே பழம்: காகசஸ் வட்டாரத்தில் பழத்தோடு சேர்ந்தே பெயரும் நடந்திருக்கிறது. இங்கே எழுத்து வரலாறு கை கொடுக்கிறது. ஒசேத்தியம் 1923 முதல் 1938 வரை லத்தீனிலும், அதன்பின் தெற்கு ஒசேத்தியாவில் 1954 வரை ஜார்ஜிய எழுத்திலும் எழுதப்பட்டது. எந்த எழுத்தில் இருந்தாலும் பழம் அதே ஒலியில்தான் வரும்.

மற்றொரு ஒசேத்திய ‘பல்’ குழு, படைக்கூட்டம், விலங்குக் கூட்டம். காகசஸ் மக்களின் பழங்கதைகளான நார்ட் வீரர் கதைகளில் அடிக்கடி வரும் ‘பல்த்ஸ்’, நெடும்பயணம் அல்லது கொள்ளைப் படையெடுப்பு, இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சொல். ஓநாய் முன்னால் வந்தால் கூட்டம், கூடையோ மரமோ வந்தால் பழம். இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் குழம்ப வாய்ப்புக் குறைவு.

இதே வட்டாரத்தில் ஒரு கண்ணி உண்டு. அசர்பைஜானியில் புளிப்புச் செர்ரி ‘அல்பாலி’. அந்த மொழியில் ‘அல்’ சிவப்பு, ‘பல்’ தேன். ‘சிவந்த தேன்’ என்று பிரித்தால் அழகாக இருக்கும், ஆனால் தவறு. பாரசீக ‘ஆல்பாலூ’ என்பதன் வடிவம் அது. ‘ஆலூ’ என்ற பழப்பெயரும் ‘பாலூ’ என்ற பழப்பெயரும் சேர்ந்தது. அழகாகப் பிரிகிற சொல்லைக் கண்டால் அங்கேயே ஒரு கணம் நின்று பக்கத்து மொழியைத் திறந்து பார்க்க வேண்டும்.

மங்கோலியத்தில் பென்சில் கரியான கிராஃபைட்டுக்கு ‘பல் சுலூ’, ‘சுலூ’ கல். பென்சிலின் உள்ளே இருப்பது ‘ஹரந்தானி பல்’. ‘பல்’ என்று தனியாகச் சொன்னால் தேனா கரியா என்று தெரியாது என்பதால்தான் தேனுக்கு முன்னால் ‘தேனீயின்’ என்ற அடை ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆறாம் வேற்றுமை இரண்டுக்கும் ஒன்றே. உருபை நம்ப முடியாது, அடையைத்தான் நம்ப வேண்டும்.

குர்மாஞ்சி 1946 முதல் ஆர்மீனியாவில் சிரில்லிக்கில் எழுதப்பட்டது. அங்கே ‘லி பல் மின்’ என்றால் ‘என்னிடம்’, ‘என் அருகில்’. அந்த எழுத்துமுறையில் ரஷ்யனின் மென்குறி உயிரெழுத்தாகப் பயன்படுகிறது. ‘லி’, ‘மின்’ இரண்டிலும் இகரம் அந்தக் குறிதான். லத்தீன் வடிவ எழுத்துகள் இரண்டு அதில் சேர்க்கப்பட்டன. மெய்களுக்கு நடுவே மென்குறி குவிந்து கிடந்தால் குர்மாஞ்சியா என்று முதலில் சோதிக்கலாம்.

‘பலி’ என்ற வடிவத்தை ஒருமுறை பிரித்துப் பார்ப்போம்

தலைச்சொல் அளவில் பிரித்தாலும், பனுவலில் வருவது உருபேறிய சொல். பே, ஆ, எல், அதன்பின் இதழ் குவியாத அந்த உயிர்: ‘பலி’. ரஷ்யப் பனுவலில் இது ‘நடன விருந்துகள்’. கசாக்கில் ‘ஆரா பலி’ என்று வந்தால் ‘தேனீயின் தேன்’. இறுதி உயிர் ‘அதன்’ என்ற உடைமை விகுதி. அதே கசாக்கில் ‘ஒர்த்தாஷா பலி’ என்றால் சராசரி மதிப்பெண். கசாக் எழுத்திலும் மதிப்பெண்ணுக்கு ரஷ்யனைப் போல இரட்டை ‘எல்’தான், ஆனால் இரட்டை மெய்யில் முடியும் கடன்சொல்லோடு விகுதி சேரும்போது ஒரு மெய் விழுந்துவிடும் என்பது கசாக் எழுத்துவிதி. விகுதி சேரும்வரை பிரிந்திருந்த தேனும் மதிப்பெண்ணும் சேர்ந்தவுடன் ஒன்றாகிவிடுகின்றன. ‘அவளுடைய குறி’ என்பதும் இதே வடிவம். விகுதியை வெட்டி வேர் தேடும் நிரல் இதற்கு ‘தேன்’ என்று ஒரே விடை தந்தால், பல்கலைக்கழகச் சேர்க்கைச் செய்தி முழுவதும் தேன் வழியும்.

எதிர்ப்பக்கத்தில் ‘பல்லி’ என்ற வடிவம், இரண்டு ‘எல்’. ரஷ்யனில் ‘மதிப்பெண்கள்’. தாத்தாரிலோ ‘தேன் கலந்த’. ‘லி’ என்பது உடையது என்று பொருள்தரும் விகுதி. ரஷ்யனும் தாத்தாரும் ஒரே ஊரில், ஒரே விளம்பரப் பலகையில் கலந்து எழுதப்படும் கசானில் இது வெறும் கற்பனைச் சிக்கல் அன்று. கசாக்கில் இதே விகுதி ‘எல்’லுக்குப் பின் தகரமாகி ‘பல்தி’ ஆகும். அதுவே இரண்டாம் வேற்றுமை வடிவமும். ‘தேனுக்கு’ என்ற கசாக் வடிவம் ‘பல்கா’. சுத்தியலின் பெயரும் ‘பல்கா’. கிர்கிஸில் தேனைப் பன்மையாக்கினால் ‘பல்தர்’. ஆனால் அந்த வடிவத்தைக் கண்டால் முதலில் கொள்ள வேண்டிய பொருள் ‘குழந்தைகள்’.

பதிவு எழுதும்போது

வேலை வரிசை இப்படி அமைவது நல்லது. எழுத்தெண்ணைச் சோதித்த கையோடு, சொல்லுக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு சொற்களில் தனி எழுத்துகளைத் தேட வேண்டும். ஆவும் ஏயும் ஒட்டிய எழுத்து இருந்தால் ஒசேத்தியம். உகரம்மேல் பிறைக்குறி இருந்தால் பெரும்பாலும் பெலாரஷ்யன். இரட்டைப் புள்ளி வைத்த ‘ஐ’ இருந்தால் உக்ரேனியம். மங்கோலியத்தையும் கிர்கிஸையும் பிரிப்பது கொஞ்சம் கடினம், இரண்டிலும் ‘ஓ’, ‘ஊ’ வகைத் தனி எழுத்துகள் ஒன்றே; கிர்கிஸில் ஙகரத்துக்குத் தனியெழுத்து உண்டு, மங்கோலியத்தில் இல்லை. மொழி தெரிந்தபின் உருபு, அதன்பின் உடன்வரும் வினையும் அடையும். உண்டார், ஊற்றினார் என்றால் தேன். திறந்தார் என்றால் நிறுத்தி யோசிக்க வேண்டும், குறியாகவும் இருக்கலாம், புட்டியாகவும் இருக்கலாம். எண் பக்கத்தில் நின்றால் மதிப்பெண். ஆனால் எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவே கிலோவோ லிட்டரோ வந்தால் தேன்.

பதிவில் ஒவ்வொரு மொழிக்கும் தனித் தலைப்பு, ஒரே மொழிக்குள் பிறப்பு வேறானால் எண்ணிட்ட தனிப் பிரிவு. கசாக்கிற்குக் குறைந்தது இரண்டு: தேன், குறி. உக்ரேனியத்துக்கு இரண்டு, ரஷ்யனுக்கு ஒன்று. ரஷ்ய மதிப்பெண்ணை இந்தப் பக்கத்தில் சேர்க்காமல், இரட்டை ‘எல்’ பக்கத்துக்கு ஒரு சுட்டி கொடுத்தால் போதும். அடிக்கடி நடக்கும் பெரிய தவறு, ரஷ்ய இருமொழி அகராதியிலிருந்து பொருளை மொத்தமாக எடுத்து எல்லா மொழிக்கும் பரப்பிவிடுவது. அப்படிச் செய்தால் பெலாரஷ்யனில் மென்குறி இல்லாமல் நடனம் வந்துவிடும், செர்பியனில் இல்லாத மதிப்பெண் முளைத்துவிடும்.

எழுத்து மாறினாலும் மோதல் தீர்ந்துவிடாது என்பதற்கு அசர்பைஜானி சாட்சி. 1939 முதல் அது சிரில்லிக்கில் எழுதப்பட்டது, 1991இல் லத்தீனுக்குத் திரும்பியது. தேனும் மதிப்பெண்ணும் சேர்ந்தே லத்தீனுக்குப் போயின. பல்கலைக்கழகத் தேர்வின் உச்ச மதிப்பெண் இன்று 700 ‘பல்’, கடையில் தேனும் ‘பல்’. லத்தீனுக்கு மாறியாயிற்றே என்று சிரில்லிக் பதிவை நீக்கிவிடவும் கூடாது: தாகெஸ்தானின் தெர்பெந்த் பகுதி அசர்பைஜானிகள் இப்போதும் சிரில்லிக்கிலேயே எழுதுகிறார்கள்.